பாகம் பிரியாத தொட்டி

வாயில் பிரஷ்ஷும் நுரையுமாகத் தொட்டிமுன் குனிந்து, தன் மீனுக்கு வால் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறார் மாயவன். நேற்றுவரை விசிறியாக இருந்தது, இன்றைக்குத் தேய்ந்த விளக்குமாறாகிவிட்டது. ஒரு கண்ணில் வெள்ளைப் படலம் வேறு. நுரையைத் துப்பிவிட்டு, அந்தப் பக்கத்துக்கும் கேட்கிற மாதிரி மீனிடம் பேசுகிறார்: "ஏன்டா கருப்பா, மறுபடியும் கடிச்சிட்டானா? வளக்கறவன் புத்திதான்டா மீனுக்கும் வரும்!"

அந்தப் பக்கம் என்றால் சுவருக்கு அந்தப் பக்கம். அங்கே அவருடைய தம்பி வீரமணி காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார். அவர் அண்ணனுக்குப் பதில் சொல்வதில்லை. பேச்சுவார்த்தை நின்று சில வருடங்கள் ஆகின்றன.

மாயவன் கடத்தூரில் ஆழ்குழாய் மோட்டார்களுக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுகிறவர். எரிந்த மோட்டாரை முகர்ந்து பார்த்தே, "கரண்டு கம்மியா இருக்கறப்ப ஓட்டியிருக்கீங்க" என்று சொல்லிவிடுகிற நிதானஸ்தர். பாகப்பிரிவினையில் மட்டும் ஒரு கரண்டியைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. வீரமணியும் சளைத்தவர் இல்லை. புளியமரத்தைக் கிளை கிளையாகப் பிரித்தார்கள். கிணற்றை முறை வைத்துப் பிரித்தார்கள். கிரைண்டரில் கல் தம்பிக்குப் போயிற்று, டிரம் அண்ணனுக்கு வந்தது. அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் இட்லி மாவு கடையில் வாங்குகிறார்கள்.

மீன்தொட்டி, ஒன்றாக இருந்த காலத்தில் இருவரும் சேர்ந்து வாங்கியது. ஆறடி நீளம். கூடத்தின் நடுவே சுவர் எழுப்ப வந்த கொத்தனார், தொட்டியை யார் பக்கம் நகர்த்துவது என்று கேட்டார். இருவருமே "என் பக்கம்" என்றார்கள். கொத்தனாருக்கு அன்றைக்கு வேறு வேலையும் இருந்திருக்க வேண்டும். தொட்டியைச் சுற்றியே செங்கல் வைத்து, மேலே கை நுழைய இடம் விட்டு, சுவரை முடித்துவிட்டுப் போய்விட்டார். இப்போது சுவருக்குச் சன்னல் வைத்த மாதிரி தொட்டி நிற்கிறது. உள்ளே அண்ணன் பாகத்து ஆஸ்கர் மீன் கருப்பன், தம்பி பாகத்து ஃப்ளவர்ஹார்ன் மீன் ராசா. ராசாவுக்கு நெற்றியில் புடைப்பும், அதற்குத் தகுந்த திமிரும் உண்டு. காலைத் தீனி அண்ணன் முறை, மாலைத் தீனி தம்பி முறை. தீனி டப்பா பொதுவில், தொட்டிக்கு மேலே விட்ட அந்த இடைவெளியிலேயே இருக்கும்.

தருமபுரியில் வளர்ப்பு மீன் விற்கும் கடைக்காரர் வைத்தியம் சொன்னார்: "அடிபட்டத வெளிய எடுத்து, வேற தொட்டியில உப்புத்தண்ணி ஊத்தி கொஞ்ச நாள் வெச்சிருங்க. ஆறிடும்."

மாயவன் பதறிப்போனார். "வெளிய எடுக்கறதா? நல்லா சொன்னீங்க போங்க. எம்மீனு தொட்டியில இல்லைன்னா, அனுபவ பாத்தியம் அவனுக்குப் போயிராதுங்களா?"

"அப்ப நடுவுல ஒரு தடுப்பு போட்டுருங்க."

"ஃபில்டரு யாரு பக்கம் வரும்?"

கடைக்காரர் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

கடைசியில் மாயவனே ஒரு வழி கண்டுபிடித்தார். கடைக்குக் கிளம்புமுன் கருப்பனை வலையில் அள்ளி, கல்லுப்புக் கரைத்த டப்பில் கொஞ்ச நேரம் விடுவார். அதுவரை பாத்தியம் விட்டுப்போகாமல் இருக்க, மனைவி சசிகலா தொட்டித் தண்ணீரில் கையை விட்டுக்கொண்டு நிற்க வேண்டும். "ஏங்க, நானும் உங்க பாகத்து மீனுங்களா?" என்று கேட்டுக்கொண்டேதான் நின்றாள். ஒருநாள் ராசா அவள் விரலையே கவ்விவிட்டது. கையை உதறிக்கொண்டு ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள்: "இனிமே உங்க கைய வுட்டுக்கிட்டு நில்லுங்க. மீனு செத்தா பாத்தியத்த எங்க கொண்டுபோயி வெப்பீங்க?"

கருப்பன் மாயவன் கையில் தின்று வளர்ந்தது. அவருடைய செருப்புச் சத்தம் கேட்டாலே கண்ணாடியோரம் வந்து நின்றுவிடும். தான் வருவதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற ஒரே உயிர் அதுதான் என்பார், சசிகலா பக்கத்தில் இல்லாதபோது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கருப்பன் கண்ணாடியோரம் வரவில்லை. அடியில் ஒருக்களித்துக் கிடந்தது. ராசா விடாமல் வந்து வந்து முட்டிக்கொண்டிருந்தது. மாயவன் வலையை இறக்கினார். ராசா வலையையும் சேர்த்து முட்டியது. தம்பியின் பெயர் வாய்வரை வந்தது. "சசீ!" என்றுதான் கத்தினார்.

அந்தப் பக்கமிருந்து இன்னொரு வலை தண்ணீரில் இறங்கியது. "போதும் வாடா ராசா. பெரியவரு மீனயா இப்படிக் கடிக்கறது?" என்றது வீரமணியின் குரல். ராசாவை அள்ளிப் பக்கெட்டில் விட்டுக்கொண்டு, தீனி டப்பாவையும் அண்ணன் பக்கமாக நகர்த்திவைத்துவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

ஆக, வழக்கு வம்பு எதுவும் இல்லாமலே தொட்டி முழுவதும் மாயவனுக்கு வந்துவிட்டது. "இனி ஒரு பய கேக்க முடியாது" என்றார் சசிகலாவிடம். ஜெயித்தவர் குரலாக அது இல்லை. தொட்டியிலேயே உப்பைக் கரைத்துவிட்டு, கடைக்கும் போகாமல் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். நாலைந்து நாள் கருப்பன் எதையும் தின்னவில்லை.

பிறகு ஒரு சாயங்காலம், செருப்புச் சத்தம் கேட்டதும் மெல்ல எழும்பி வந்து, கண்ணாடியோரம் வாயைத் திறந்தது. மாயவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவசரமாக டப்பாவை எடுத்து மூடியைத் திறந்தவர், அப்படியே நின்றார்.

"இருடா கருப்பா. சாயங்காலம் நம்ம முறை இல்ல" என்றார், அந்தப் பக்கத்துக்கும் கேட்கிற மாதிரி. மூடியை மறுபடி அழுத்தி மூடி, டப்பாவை இடைவெளி வழியாகத் தம்பி பக்கம் தள்ளிவைத்தார்.