கோல்ஃபுக்கு நாலாவது ஆள்

ஐம்பத்தேழு வயதும் ஒன்பது மாதமும் ஆன ஒருவனைக் கோல்ஃப் கற்றுக்கொள்ளச் சொல்வது என்ன நியாயம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. சொன்னவர் எங்கள் முதலாளி. வருஷம் 1991. மறைமலை நகரில் கார்களுக்கு உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நான் கணக்கு அதிகாரி. ஐம்பத்தெட்டில் ஓய்வு. வடக்குப்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு மனை வாங்கி அஸ்திவாரம் போட்டிருந்தேன். அதற்கு மேல் ஒரு செங்கல்கூட ஏறவில்லை. இன்னும் இரண்டு வருஷம் சம்பளம் வந்தால்தான் கூரை போட முடியும். அதனால் பணி நீட்டிப்புக் கேட்டு அவர் அறைக்கு மூன்று முறை போனேன்.

மூன்றாவது முறை அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஜப்பான்லேர்ந்து ரெண்டு பேர் வராங்க. ஞாயித்துக்கிழமை கோல்ஃப் ஆடணும்னு ஆசப்படறாங்க. அவங்க ரெண்டு பேர், நான் ஒருத்தன். நாலாவது ஆள் வேணும். நம்ம சேல்ஸ் மேனேஜர் ஸ்கூட்டர்லேர்ந்து விழுந்து கைய ஒடச்சிக்கிட்டாரு. நீங்க வாங்க."

"சார், நான் கேரம்கூட ஆடினதில்ல."

"இங்கிலீஷ் பேசுவீங்க, எதிர்த்துப் பேச மாட்டீங்க. அது போதும். அஞ்சு வாரம் இருக்கு. எக்ஸ்டென்ஷன் விஷயத்த அதுக்கப்புறம் பாத்துக்கலாம்."

ஒரு மட்டையும் முப்பத்தாறு பழைய பந்துகளும் கொடுத்தனுப்பினார். சாயங்காலங்களில் என் மனையில் நின்று பழகினேன். சுற்றிலும் வீடு கிடையாது. வெள்ளையடித்த எல்லைக் கற்கள்தான். அந்தக் கற்களைக் காவல் காக்க ஒருவர் இருந்தார். அவருக்கு நான் வந்தது பெரிய பொழுதுபோக்கு.

முதலாளி சொல்லிக்கொடுத்த முறை இது: இடது கை மடங்கக்கூடாது, இடுப்பு அசையக்கூடாது, தோள் மட்டும் திரும்ப வேண்டும். முப்பத்தாறு பந்தில் இருபத்தொன்பது தடவை மண்ணை அடித்தேன். ஐந்து தடவை காற்றை அடித்தேன். மீதி இரண்டு என் அஸ்திவாரத்திலேயே பட்டுத் திரும்பி வந்தன.

"இன்னா சார், கெணறு தோண்டறியா?" என்றார் காவல்காரர்.

சேல்ஸ் மேனேஜரைக் கேட்டேன். அவர் மாவுக்கட்டுப் போட்ட கையோடு கேன்டீனில் எழுந்து நின்று ஆடிக் காட்டினார். "இடுப்புதான் சார் எல்லாமே! எம்.டி. சொல்றாருன்னு மரக்கட்ட மாதிரி நின்னீங்கன்னா பந்து எப்படி போகும்? மணிக்கட்ட சொடுக்கணும். ஹாக்கி மாதிரி."

ஹாக்கியும் நான் ஆடியதில்லை. இடுப்பை ஆட்டியதில் மூன்று நாள் குனிய முடியாமல் போனது. ஒருவர் அசையாதே என்கிறார், இன்னொருவர் அசை என்கிறார். இரண்டு பேருமே "உங்க உடம்புக்கு எது ஒத்து வருதோ அத புடிச்சிக்கோங்க" என்று முடிக்கிறார்கள். எதுவும் ஒத்து வரவில்லை என்பதுதானே என் பிரச்சினை! மூன்று வாரம் இப்படியே போனது.

ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது மனைவியிடம் புலம்பினேன். அவள் குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "ஏங்க, நீங்க கரப்பான்பூச்சிய எந்தக் கையால அடிக்கிறீங்க?"

"இது என்ன கேள்வி?"

"எடது கையாலதான். முப்பத்தோரு வருஷமா பாத்துகினு கீறேன். செருப்பு எப்பவும் எடது கையிலதான் வரும். ஒரு அடிதான், தப்பினதே இல்ல."

என் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றாம் வகுப்பில் வாத்தியார் என் இடது கையைச் சட்டைக்குள் விட்டுப் பொத்தானைப் போட்டுவிடுவார். அந்தக் கையால் எழுதக்கூடாது, கொடுக்கக்கூடாது, வாங்கக்கூடாது. ஒரு வருஷத்தில் வலது கைக்காரனாகிவிட்டேன். அதற்குப் பிறகு அதைப் பற்றி நினைத்ததே இல்லை. கரப்பான்பூச்சி விஷயத்தில் மட்டும் யாரும் என்னைத் திருத்தவில்லை போலிருக்கிறது.

மறுநாள் பந்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன். மட்டை வலது கைக்காரர்களுக்கானது. ஆகவே அதன் மூக்கு தரையைப் பார்க்கும்படி திருப்பிப் பிடித்தேன். வீசினேன். பந்து பதினொரு எல்லைக் கற்களைத் தாண்டி விழுந்தது. நேராக.

காவல்காரர் பீடியை வாயிலிருந்து எடுத்தார். "யோவ் சாரு, இத்தினி நாளா இன்னாத்துக்கு அந்தப் பக்கம் நின்னுகினு இருந்தே?"

முதலாளியைத் தொழிற்சாலைக்குப் பின்புறம் அழைத்துப் போய் அடித்துக் காட்டினேன். ஏழில் ஐந்து நேராகப் போயின. அவர் முகம் சுளித்தார்.

"விருந்தாளிங்க முன்னாடி மட்டைய தலைகீழா புடிச்சிக்கிட்டு நிப்பீங்களா? நம்ம மானம் என்ன ஆவறது? இடது கை செட்டுக்கு மெட்ராஸ் பூரா சொல்லிப் பாத்தாலும் கெடைக்காது. ஒழுங்கா ரைட்லயே ஆடுங்க."

ஆடினேன். சென்னையில் அந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்பது குழிகளிலும் பந்தை விழவைக்க அவர்கள் மூவருக்கும் தலா ஐம்பது அடியை ஒட்டித்தான் ஆனது. எனக்குத் தொண்ணூற்றெட்டு. நான் ஒவ்வொரு முறை மண்ணைக் கிளப்பும்போதும் முதலாளி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குக் கூரை ஓடு ஒவ்வொன்றாகச் சரிந்து விழுவது போலிருந்தது.

நான்காவது குழியில், விருந்தாளிகளில் மூத்தவருக்குப் பொறுக்கவில்லை. என் பின்னால் வந்து நின்று இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டார். தோளும் வேண்டாம், இடுப்பும் வேண்டாம், முழங்காலில்தான் எல்லாம் இருக்கிறது என்றார். இது மூன்றாவது பாடம்! எதிர்த்துப் பேச மாட்டேன் என்பதற்காகத்தானே என்னை அழைத்துப் போனார்கள்? "யெஸ் சார், யெஸ் சார்" என்று முழங்காலை மடக்கினேன். ஒன்பதாவது குழி வரை என்னை விடவில்லை. கடைசியில் ஒரே ஒரு பந்து இருபதடி உருண்டது. அவர் கைதட்டிக் குதித்தார்.

திங்கட்கிழமை முதலாளி கூப்பிட்டனுப்பினார். முகம் மலர்ந்திருந்தது. ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டதாம்.

"பெரிய ஆளு சார் நீங்க! கத்துக்குடுக்கற சந்தோஷம் அவருக்கு கெடைக்கட்டும்னு வேணும்னே விட்டீங்க பாருங்க. எனக்கு அது தோணவே இல்ல."

"சார், எனக்கு நிஜமாவே வராது."

"அடக்கம் வேற!" என்று சிரித்து, நீட்டிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். "அவங்க எப்ப வந்தாலும் இனிமே நீங்கதான். அதே மாதிரி ஆடுங்க, மாத்தாதீங்க."

அடுத்த இரண்டு வருஷத்தில் ஆறு முறை வந்தார்கள். ஆறு முறையும் வலது கையால் மண்ணைக் கிளப்பி, முழங்காலை மடக்கி, பாடம் கேட்டேன். சரியான மட்டையோடு, சரியான பக்கம் நின்று, ஒரு பந்தாவது அடிக்க வேண்டும் என்ற ஆசை ஆசையாகவே நின்றுவிட்டது. கூரை மட்டும் ஏறியது.

ஓய்வுபெற்ற அன்று மேடையில் எனக்கு ஒரு புது கோல்ஃப் செட் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பையைத் திறந்து எண்ணினேன். பதினான்கு மட்டைகள். பதினான்கும் வலது கைக்காரர்களுக்கு.

"இத எங்க வெக்கறது?" என்றாள் மனைவி.

பதின்மூன்று பரணில் கிடக்கின்றன. ஒன்றை அவள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கிறாள். கரப்பான்பூச்சி வரும்போது அதைத் திருப்பிப் பிடித்துக்கொள்கிறேன். அங்கே விருந்தாளிகள் யாரும் நிற்பதில்லை.