மூடி மட்டும் என்னிடம் இருக்கிறது

நேற்றுச் சாயங்கால டிவித் தொடரில் ஒரு பண்ணையார் உயில் எழுதினார். வெள்ளைக்காரன் காலத்துக் கதையாம். கட்டில், குத்துவிளக்கு, சாய்வு நாற்காலி எல்லாம் பழசாகத் தேடிப் பிடித்து வைத்திருந்தார்கள். பேனாவும் மைப்பேனாதான், குறை சொல்லக்கூடாது. ஆனால் அந்த மனுஷன் நிப்பைக் குப்புறக் கவிழ்த்துப் பிடித்து எழுதுகிறார்! நிப்பின் முதுகு தாளில் தேய்கிறது. அப்படியே சொத்து முழுக்க எழுதி முடித்துவிட்டு, மூடியும் போடாமல் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு எழுந்து போய்விட்டார். வெள்ளைச் சட்டை. ஒரு பொட்டு மை இல்லை.

"சவம், அவன் சட்டையைப் பாரு!" என்று கத்திவிட்டேன்.

மருமகள் அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள். நான் விழுந்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறாள். "அத்தை, பிரஷர் ஏறிரும். பேனாவை விடுங்க, கதையைப் பாருங்க."

கதையில் என்ன இருக்கிறது? உயிலை எவனாவது திருடுவான், தம்பிக்காரன் வந்து அழுவான். நான் சினிமாவிலும் டிவியிலும் பேனாவை மட்டும்தான் பார்க்கிறேன். இன்று நேற்று அல்ல, கல்யாணமான புதிதிலிருந்து. அதனால்தான் எனக்கு இவ்வளவு ஆத்திரம். டாக்டர் வருவார், மூடியைத் திறக்காமலே மருந்து எழுதுவார். நீதிபதி தூக்குத் தண்டனை சொல்லிவிட்டு நிப்பை முறிப்பார். நிப்பு என்ன கொலையா செய்தது? கதாநாயகன் காலேஜுக்குப் போகும்போதெல்லாம் பையில் பேனா மின்னும், ஒரு வரி எழுதமாட்டான். யாராவது மை ஊற்றிப் பார்த்திருக்கிறீர்களா? விரலில் கறை பார்த்திருக்கிறீர்களா? பெண்பிள்ளைகள் பாடு இன்னும் மோசம். "என்னைத் தேட வேண்டாம்" என்று எழுதி வைத்துவிட்டு வீட்டைவிட்டுப் போவதற்குத்தான் அவள் கையில் பேனாவே கொடுப்பார்கள். அதுவும் மேஜையில் கிடக்கும் புருஷன் பேனா.

புருஷன் பேனா என்று சொன்னதும் எனக்கு மை வாசம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைதோறும் பேனாவைப் பிரித்து வெந்நீரில் போடுவேன். கிண்ணத்துத் தண்ணீரில் நீலம் நூல் நூலாக இறங்கும். நிப்பையும் அடியிலிருக்கும் நாக்கையும் பழைய வேட்டித்துணியால் ஒற்றி எடுத்துத் திரும்பப் பொருத்தி, கழுத்துவரை மை விட்டு மூடினால் திங்கட்கிழமைப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்த நான் தயார். பச்சைப் பேனா. உடம்பெல்லாம் கறுப்பு வரி. மூடியில் தங்க நிறத்தில் ஒரு வளையம்.

அது கல்யாணத்தில் வந்த பேனா. அந்தக் காலத்தில் எங்கள் நாஞ்சில் நாட்டில் மாப்பிள்ளைக்குத் தட்டில் வைத்துக் கொடுக்கிற சாமான்களில் வேட்டி, மோதிரத்தோடு ஒரு பேனாவும் இருக்கும். மாப்பிள்ளைப் பேனா என்றே பெயர். கையெழுத்துப் போடத் தெரியாதவனும் போட்டோவில் அதைச் செருகிக்கொண்டுதான் நிற்பான். என் அப்பா அலைந்து திரிந்து வாங்கி என் வீட்டுக்காரருக்கு வைத்தார். அவர் தோவாளைப் பக்கம் வயலும் மாடுமாக இருந்தவர். விருந்தெல்லாம் முடிந்து நான் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்ட அன்றைக்குப் பேனாவை எடுத்து என் கையில் வைத்தார்.

"ஏட்டி, எனக்கு மம்பட்டி போதும். இது உனக்குள்ளது."

இவ்வளவுதான் பேச்சு. அவர் பேசுகிற ஆள் கிடையாது. ஆனால் மாமியார் பேசுகிற ஆள். "மாப்பிள்ளைப் பேனாவை மருமவ குத்திட்டு அலையுதா. நாளைக்கு அவன் வேட்டியையும் கேப்பா" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னாள். எனக்கு வீம்பு வந்துவிட்டது. தையல்காரரிடம் போய், ஜம்பரில் பேனா நிற்கிற மாதிரி ஒரு சின்னப் பை வைக்கச் சொன்னேன். ரவிக்கையைத்தான் அப்போது ஜம்பர் என்போம். "ஜம்பர்ல பையா? பொம்பளையாளுக்கா?" என்று அவர் ஊசியைக் கீழே போட்டுவிட்டார். ஆனாலும் தைத்துத் தந்தார். தோளில் சேலை மூடியிருந்தாலும் அந்த வளையம் மட்டும் எட்டிப் பார்க்கும். நான் வேண்டுமென்றே கொஞ்சம் விலக்கி விடுவேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்படி இருக்கும்போதுதான் மெட்ராசிலிருந்து ஒரு சினிமாக் கம்பெனி வந்தது. எங்கள் ஊர் வாய்க்கால் கரையில் கதாநாயகன் உட்கார்ந்து காதலிக்குக் கடிதம் எழுதிவிட்டுப் பாட்டுப் பாட வேண்டும். கேமரா கொண்டுவந்தார்கள், குடை கொண்டுவந்தார்கள், பவுடர் கொண்டுவந்தார்கள், பேனாவை மறந்துவிட்டார்கள். எழுதுகிற காட்சிக்குப் பேனா இல்லாமல் வந்த கூட்டம்! மானேஜர் வேர்த்து வடிய எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஓடிவந்தார். என் தோளைப் பார்த்தார், முகம் மலர்ந்தது.

"உங்க வீட்டுக்காரர் பேனாவா டீச்சர்? கொஞ்சம் குடுங்க, இப்ப வந்துடும்."

"எனக்க பேனா" என்றேன்.

"சரி சரி, யார் பேனாவானா என்ன?"

நான் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு பேனாவை மட்டும் நீட்டினேன். எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். அஞ்சலாபீசில், தாலுகா கச்சேரியில், யார் பேனா கேட்டாலும் மூடி நம்மிடம் இருக்கும். வாங்கினவன் மறந்துபோய்ப் பையில் செருகினால் சட்டை நாசமாகிவிடும். அதனால் கையிலேயே வைத்திருந்து திருப்பித் தந்தே ஆகவேண்டும். போலீஸும் வேண்டாம், சத்தியமும் வேண்டாம், மூடி போதும். மானேஜருக்கு இது புரியவில்லை. "என்ன டீச்சர், நம்பிக்கை இல்லையா?" என்று சிரித்தார். "நம்பிக்கை இருக்கப்போய்த்தான் பேனாவைத் தாறேன்" என்றேன்.

சாயங்காலம் மணி அடித்ததும் மூடியை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போனேன். எச்சில் இலையும் சிகரெட் துண்டும் கிடந்தன. மழை வரும்போல இருந்ததால் வண்டியைக் கட்டிவிட்டார்களாம். பேனா போனதுகூடப் பிறகுதான். மூடி இருக்கிறதே, எப்படிப் போவான் என்றுதான் முதலில் திகைத்தேன். மடச்சி, மடச்சி! சட்டை நாசமாகும் என்று பயப்படச் சட்டை சொந்தமாக இருக்க வேண்டாமா? கதாநாயகன் போட்டிருந்த ஜிப்பா கம்பெனி ஜிப்பா. மை கொட்டினால் அவனுக்கு என்ன, அவன் அம்மாவா துவைக்கப் போகிறாள்?

வீட்டில் மாமியார் கை தட்டாத குறைதான். "ஆம்பிள சாமானு ஆம்பிள கையில இருந்தா போயிருக்குமா?" என் அப்பா விருந்துக்கு வந்தால் என்ன சொல்வது? வீட்டுக்காரர் என்னைக் கூட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். அங்கே ஏட்டு கேட்டார்: "யாருக்க பேனா?"

"எனக்க" என்றேன்.

"வீட்டுக்காரருக்க பேனான்னு சொல்லும்மா. எங்க போச்சு?"

"மெட்ராசுக்கு."

ஏட்டு பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். "மெட்ராசா? அது வேற ராஜ்யம்லா!"

அவர் சொன்னதும் நிஜம். நாங்கள் அப்போது திருவிதாங்கூர்-கொச்சிக்காரர்கள். ஒரு ராஜ்யத்துப் பேனாவை அடுத்த ராஜ்யத்தில் போய் யார் தேடுவது? அதோடு முடிந்தது போலீஸ்.

பிறகு அந்தக் கம்பெனியின் படம் நாகர்கோவிலுக்கு வந்தது. அவர் சினிமாப் பார்க்கிற வழக்கமே இல்லாதவர். வண்டியைப் பூட்டிக்கொண்டு வந்து, "ஏறு" என்றார். வாய்க்கால் காட்சி வந்ததும் நான் இருக்கை நுனிக்கு வந்துவிட்டேன். என் பேனா! கறுப்பு வெள்ளைப் படத்தில் பச்சை ஏது, ஆனால் அந்த வரி எனக்குத் தெரியாதா? பாவி, ரெண்டு விரலால் ஈர்க்குச்சி பிடிப்பதுபோலப் பிடித்திருந்தான். எழுதி முடித்தான், பேனாவை ஜிப்பாப் பையில் செருகினான், எழுந்து நின்று பாட ஆரம்பித்தான். பாட்டின் முதல் அடியில் நெஞ்சில் ஒரு பொட்டு. அடுத்த அடியில் அது பாக்கு அளவு. அதற்கும் அடுத்ததில் உள்ளங்கை அளவு. மூடி இல்லாத பேனா தன் வேலையைக் காட்டிக்கொண்டிருந்தது.

"ஏலே, அவனை எவனோ நெஞ்சுல குத்திட்டாம்லே!" என்று ஒரு குரல் வந்தது. முன்வரிசைப் பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். நெஞ்சில் ரத்தம் வழிய இந்த மனுஷன் என்ன தைரியமாகப் பாடுகிறான் என்று தியேட்டரே உருகியது.

அப்போது பக்கத்தில் அவர் எழுந்து நின்றார். மாட்டைக்கூட அதட்டாத மனுஷன்.

"நிறுத்துங்கடே! அது ரத்தமில்ல, மை! அது எனக்க பெண்டாட்டிக்க பேனா!"

சிரிப்பும் விசிலும் கூரையைப் பிய்த்தன. "உக்காரும் வே! மறைக்கி, உக்காரும்!" என்று நாலு பக்கமும் கத்தினார்கள். தின்று போட்ட கடலைத் தோடு வந்து விழுந்தது. அவர் உட்காரவில்லை. பாட்டு முடிகிறவரை அப்படியே நின்றார். எனக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. அதே நேரம் நெஞ்சு நிறைந்துபோயிற்று, இப்போது நினைத்தாலும் அப்படித்தான். மானேஜர் கேட்டது, ஏட்டு கேட்டது, மாமியார் தெருவில் சொன்னது எல்லாவற்றுக்கும் ஒரு தியேட்டர் ஜனத்துக்கு முன்னால் அவர் பதில் சொல்லிவிட்டார்.

படம் நாகர்கோவிலில் ஓடின வரைக்கும் தினமும் வண்டி கட்டினார். பேனாவைப் பார்த்துவிட்டு எழுந்து வந்துவிடுவோம். கதை என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. டீச்சருக்கு அந்த நடிகன்மேல் கிறுக்கு என்று ஊர் பேசியது. "அவ எதைப் பாக்கான்னு எனக்குத் தெரியும்" என்று அவர் முடித்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பேனா டீச்சர் என்று பேர் விழுந்தது. பேனா இல்லாத பேனா டீச்சர்.

பிறகு எங்கள் பக்கம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஊரெல்லாம் தோரணம், மிட்டாய், ஊர்வலம். அவர் வயலிலிருந்து நேரே வந்து, காலைக்கூடக் கழுவாமல் கேட்டார்: "ஏட்டி, இப்பம் ஒரே ராஜ்யம் ஆயாச்சே. போய்க் கேப்பமா?" அறுப்பு முடியட்டும் என்றேன். பிறகு பிள்ளைகள், பிறகு வயல், பிறகு அவருக்கு உடம்புக்கு முடியாமல் போய்விட்டது. ஆனால் எந்தப் படத்துக்குப் போனாலும் இருட்டில் என் பக்கம் சாய்ந்து, "வந்துதா?" என்று கேட்பார். "இல்ல" என்பேன். கேட்க இப்போது ஆள் இல்லை. மருமகள் போனில் தேடிப் பார்த்தாள். அந்தப் படத்தின் பிரதி எங்கேயும் இல்லையாம். பேனா போயிற்று, பேனாவைப் படம் பிடித்த படமும் போயிற்று.

தியேட்டரையும் இடித்துக் கல்யாண மண்டபம் ஆக்கிவிட்டார்கள். போன ஆவணியில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். மாப்பிள்ளைத் தட்டில் செல்போன் இருந்தது, பைக் சாவி இருந்தது. பேனாவைக் காணோம். கையெழுத்துப் போடும் மேஜையில் நூல் கட்டித் தொங்கவிட்ட பால்பாயிண்ட் பேனா. திருட்டு பயமாம், அந்தச் சவத்தை யார் திருடுவான்? எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. பழைய தியேட்டரின் இடதுபக்கம், நாங்கள் உட்கார்ந்திருந்த வரிசை இருந்த இடம் எதுவென்று சுவரைப் பிடித்துக்கொண்டே தேடிப் போனேன். அங்கே ஐஸ்கிரீம் வைத்திருந்தார்கள்.

அள்ளிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். "என்ன வேணும் ஆச்சி?"

முந்தானையில் முடிந்திருந்த மூடியைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். "இந்த இடத்துல ஒரு ஆளு எந்திரிச்சு நின்னாரு மக்கா" என்றேன்.

அவளுக்கு என்ன விளங்கும்? எனக்குத் தலை சுற்றுகிறது என்று நினைத்துவிட்டாள். பாவம், நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க ஆச்சி, உக்காருங்க."

நான் உட்காரவில்லை.