கேரம் போர்டில் பிள்ளையார்

போன வாரம் டவுன்ஹால் ரோட்டில் செருப்பு வார் அறுந்துவிட்டது. ஓரமாக உட்கார்ந்திருந்த செருப்புத் தைப்பவரிடம் நீட்டினேன். அவர் நாலு தையல் போட்டு, மேலே மஞ்சள் பசையைத் தடவி, வாயால் ஊதினார். அந்த வாடை மூக்கில் ஏறியதுதான் தாமதம், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒற்றைக் காலில் நிற்கிற ஆள் தனக்குத்தானே சிரித்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அவர் கேட்டே விட்டார்: "என்னண்ணே, பசை மண்டைக்கு ஏறிருச்சா?"

ஏறத்தான் செய்தது. என்னுடைய கேரம் போர்டு முழுக்க இந்த வாடைதான் அடிக்கும்.

கேரம் விளையாட இல்லை. அப்போது நான் பகலில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தேன். சாயங்காலமானால் ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார். கிட்டாரை அப்படியே ஸ்பீக்கரில் சொருகினால் அதற்கு ஒரே குரல்தான். அழ வைக்க, குழைய வைக்க, கத்த வைக்க வேண்டுமானால் நடுவில் பெடல்கள் வேண்டும். சோப்பு டப்பா அளவில் சின்னச் சின்னப் பெட்டிகள். காலால் அமுக்கினால் குரல் மாறும். எங்கள் குழுவில் யாரும் பெடல் என்று சொன்னதில்லை. 'மிதி' என்போம். என்னிடம் மூன்று மிதிகள் இருந்தன, மூன்றும் யாரோ மிதித்து அலுத்துப் போட்டவை. மேடையில் அவை ஆளுக்கொரு பக்கம் நழுவி ஓடும். பாட்டு நடுவில் காலால் துழாவித் துழாவி, கடைசியில் தபேலாக்காரரின் காலை மிதித்துவிட்டு அசடு வழிவேன்.

அவற்றையெல்லாம் ஒரு பலகையில் உட்கார வைக்க வேண்டும் என்று யோசனை சொன்னவன் சாந்தாராம். எங்கள் குழுவின் கீபோர்டுக்காரன், என் சேக்காளி. சௌராஷ்டிரா வீட்டுப் பையன். என்னிடம் பேசுவது சுத்தமான மதுரைத் தமிழ். கீபோர்டு மக்கர் பண்ணினால் மட்டும் அதை சௌராஷ்டிரத்தில் திட்டுவான். என் கிட்டாருக்கு ஒரு பாஷைகூட ஒழுங்காக வரவில்லை, அவன் கீபோர்டுக்கு இரண்டு பாஷை தெரியும் என்று அவனைக் கிண்டல் செய்வேன்.

எங்கள் தெரு நற்பணி மன்றத்தில் மழையில் நனைந்து உப்பிப்போன ஒரு கேரம் போர்டு சுவரோரம் சாய்ந்து கிடந்தது. காய் ஓடாது. ஆனால் நாலு பக்கமும் சட்டம் இருந்ததால் மிதி தப்பி ஓடாது. நாலு மூலையிலும் ஓட்டை இருந்ததால் வயரை உள்ளே விட்டு அடியில் எடுக்கலாம். இதைவிட என்ன வேண்டும்? பைகளில் சரக்கென்று பிரிகிறதே, அந்த ஒட்டுப் பட்டையை வாங்கி, இதே மஞ்சள் பசையால் பலகையிலும் மிதிகளின் அடியிலும் ஒட்டினோம். முதல் நாள் ஒட்டவே இல்லை. பல வருஷத்து கேரம் பவுடர் பலகையில் ஊறிக் கிடந்தது. துடைக்கத் துடைக்க வந்தது. அன்றைக்கு ஒத்திகைக்குப் போனபோது என் பேண்ட்டைப் பார்த்து மாஸ்டர், "எந்த மாவு மில்லுல இருந்துய்யா வார?" என்றார்.

மாஸ்டர் என்றால் குழுவின் சொந்தக்காரர். பாடகரும் அவரே. நல்ல மனிதர்தான், ஆனால் எதையும் குறைத்துப் பார்க்கிற புத்தி. அன்றைக்கே இன்னொன்றும் சொன்னார். "கீபோர்டுலயே கிட்டார் பட்டன் இருக்கு. சாந்தாராம் ஒரு விரல்ல வாசிச்சிருவான். உனக்கு எதுக்குய்யா தனியா ஒரு சேர்? உசிலம்பட்டி ப்ரோக்ராம்ல பாப்போம். அங்கன நீ பாட்டை எடுத்து நிறுத்தலைன்னா சேரை விட்ரு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அந்த பிளாஸ்டிக் சேர் போனால் நான் வெறும் ஜெராக்ஸ் கடைக்காரப் பையன். நாள் முழுக்க அடுத்தவன் சர்டிபிகேட்டை நகல் எடுக்கிறவனுக்கு, அசல் என்று இருந்தது அந்தச் சேர் ஒன்றுதான். அதைவிட மோசம், என் இடத்துக்கு வரப்போவது என் சேக்காளியின் விரல். அவனும் அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றான். ஒத்திகை முடிந்ததும் போர்டின் மறுமுனையைத் தூக்கினான்.

தூக்குவது என்றதும் ஞாபகம் வருகிறது. அதை ஒற்றை ஆளாகத் தூக்க முடியாது. டவுன் பஸ்ஸில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஏறினால் கண்டக்டர் சும்மா விடமாட்டார். "போட்டி எந்த ஊர்லப்பா?" என்பார். ஒருமுறை மேலூர் பஸ்ஸில் ஒரு பெரியவர் மிதிகளைத் தடவிப் பார்த்து, "இம்புட்டுப் பெரிய காயா?" என்று உண்மையாகவே கேட்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூன்று மிதிகளுக்கும் பெயர் உண்டு. எக்கோ கொடுப்பது 'பிள்ளையார்'. கச்சேரி எப்போதும் பிள்ளையார் பாட்டில்தானே தொடங்கும். அதற்குக் கோயில் மண்டபத்தில் வாசிப்பதுபோல எக்கோ வேண்டும். டூயட்டுக்குக் குழைந்து கொடுப்பது 'ஜோடி'. குத்துப் பாட்டுக்குக் கரகரவென்று கத்துவது 'காரம்'. எதை முதலில் வைப்பது, எதைக் கடைசியில் வைப்பது? கேட்க ஆள் இல்லை. பிரவுசிங் சென்டரில் தேடினால் படம் பாதி இறங்குவதற்குள் நேரம் முடிந்துவிடும். நான் காரத்தை முதலில் வைத்துப் பார்த்தேன். சாந்தாராம் பதறிவிட்டான்.

"மாப்ள, பிள்ளையாருக்கு முன்னாடி எவன்டா நிப்பான்? அவரை முதல்ல வையி."

நியாயமாகத்தான் பட்டது. கிட்டார் வயர் நுழைகிற மூலையில் பிள்ளையார், அடுத்து ஜோடி, கடைசியில் காரம். கச்சேரி நடக்கிற அதே வரிசை. வயர் வேலை முடித்து, சோதிக்கலாம் என்று காலைத் தூக்கினேன். அடுத்த சிக்கல் வந்தது.

"பிள்ளையாரைக் காலால மிதிக்கப் போறியா? வெளங்குமாடா?"

தூக்கிய காலை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். பிள்ளையாரை மட்டும் குனிந்து கையால் அமுக்க வேண்டும், கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். கச்சேரி முடிகிறவரை அணைக்கக் கூடாது. மற்ற இரண்டையும் எம்புட்டு வேண்டுமானாலும் மிதித்துக்கொள்ளலாம். ஒத்திகை அறைக்குக் கீழே வீட்டுக்காரர் குடியிருந்ததால் காரத்தை அங்கே ஒருநாளும் முழுச் சத்தத்தில் வைத்து வாசித்ததில்லை. வினை அங்கேதான் ஒளிந்திருந்தது.

உசிலம்பட்டியில் பொழுது சாய்கிற நேரம் கச்சேரி தொடங்கியது. நல்ல கூட்டம். பிள்ளையார் பாட்டு பிரமாதம். டூயட்டும் தேவலை. மாஸ்டர் என் பக்கம் திரும்பித் தலையைக்கூட ஆட்டினார். பிறகு குத்துப் பாட்டு வந்தது. நடுவில் எனக்கு மட்டும் என்று எட்டு வரி. சேரை விட்டு எழுந்தேன், முன்னால் வந்தேன், காரத்தை ஓங்கி மிதித்தேன்.

வந்தது சங்கீதம் இல்லை, கொழகொழவென்று கூழ். பிள்ளையார் ஒவ்வொரு சுரத்தையும் நாலு தடவை திருப்பிச் சொல்ல, அந்த நாலையும் காரம் ஒன்றுபோலக் கத்த வைக்க, பழைய சுரம் அடங்குவதற்குள் புதுச் சுரம் அதன் தலையில் விழ, எதுவும் விளங்கவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்பார்களே, அதை மைக் வைத்துக் கேட்டேன். முன்வரிசையில் ஒரு வயற்காட்டுச் சம்சாரி எழுந்து நின்று, "தம்பீ, மோட்டார் காத்து இழுக்குது! ஃபுட் வால்வைப் பாரு!" என்று கத்தினார். கூட்டம் ஓவென்று சிரித்தது. கிணறு வற்றுகிற ஊர்க்காரர்களுக்கு, தண்ணீருக்குப் பதில் காற்றை இழுத்துக் கரகரக்கும் பம்ப்செட்டின் சத்தம் நன்றாகத் தெரியும். சவுண்டுக்காரர் பயந்துபோய் என் லைனையே அணைத்துவிட்டார்.

என் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். அடுத்த வரியில் ஸ்பீக்கரில் கிட்டார் கேட்டது. கணீரென்று, சுரம் சுரமாக. என் கை கம்பிமேல் அப்படியே நிற்கிறது. கிட்டார் மட்டும் வாசிக்கிறது. திரும்பிப் பார்த்தேன். சாந்தாராம் ஒன்றும் தெரியாதவன்போல எதிரே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வலது கையின் இரண்டு விரல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதே கிட்டார் பட்டன்.

உதட்டை அசைக்காமல் சொன்னான்: "கையை மட்டும் ஆட்டு மாப்ள!"

ஆட்டினேன். தலையை ஆட்டினேன், இடுப்பை வளைத்தேன். மீதி வரிகளுக்கும் கண்ணை மூடிக்கொண்டு உருகினேன். விசில் பறந்தது. அந்தச் சம்சாரி, "இப்பத் தண்ணி வருது!" என்றார். இறங்கும்போது மாஸ்டர் என் தோளைத் தட்டினார். "இன்னைக்குத்தான்யா கிட்டார் கிட்டார் மாதிரி இருந்துச்சு. பட்டன்ல இது வருமா?" சாந்தாராம் கீபோர்டை உறையில் போட்டுக்கொண்டே, "வராதுண்ணே" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்னைத் துரத்த வந்த பட்டனால் என் சேரைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டு, அந்தப் பெயரையும் எனக்கே கொடுத்துவிட்டான்.

மறுநாளே வரிசையைப் பிரித்துப் போட்டோம். காரம் முதலில், ஜோடி நடுவில், எக்கோ கடைசியில். கூழ் தெளிந்தது. பிள்ளையாரின் முதல் இடம் போனதே என்று சாந்தாராமுக்கு ஒரே மனக்கஷ்டம். ஒரு பிள்ளையார் ஸ்டிக்கர் வாங்கி வந்து, வயர் நுழைகிற மூலையில், சட்டத்தின்மேல் கால் படாத இடமாகப் பார்த்து ஒட்டினான். "இப்பச் சரி. இவருக்கப்புறம் யாரு வேணா நிக்கட்டும்." அதற்குப் பிறகு குழு இருந்த வரைக்கும் நான் அந்தச் சேரில் உட்கார்ந்திருந்தேன். எட்டு வரியையும் நானே வாசித்தேன்.

இன்றைக்கு அந்தக் குழு இல்லை. மாஸ்டர் இல்லை. போன மாதம் பரவையில் ஒரு கல்யாண வரவேற்பில் கிட்டார் வாசித்த பெண் டிபன் பாக்ஸ் அளவில் ஒரே ஒரு பெட்டி வைத்திருந்தாள். நூறு மிதி அதற்குள்ளேயே இருக்கிறதாம், வரிசையும் அதுவே போட்டுக்கொள்ளுமாம். அழகாக வாசித்தாள். முடிந்ததும் பெட்டியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு தனியாகப் போனாள். மறுமுனையைப் பிடிக்க ஆள் தேவையில்லை. என் கேரம் போர்டு வாஷிங் மெஷினுக்கு அடியில் கிடக்கிறது. அதை மட்டும் குறை சொல்லக் கூடாது, இன்னும் கனம் தாங்குகிறது.

அன்றைக்குத் தைத்த செருப்பை மாட்டிக்கொண்டு நேரே கீழவாசல் போனேன். சாந்தாராம் அங்கே ஜவுளிக்கடை வைத்திருக்கிறான். கீபோர்டை விற்று வெகுநாளாகிறது. பசை வாடையைப் பற்றிச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

"அந்த எட்டு வரி ஞாபகம் இருக்காடா?" என்று கேட்டேன்.

ஜவுளி விரிக்கிற மேசைமேல் இரண்டு விரலை ஓடவிட்டான். ஒரு சுரம் தப்பவில்லை. கை சும்மா இருக்குமா? நானும் இல்லாத கிட்டாரைத் தூக்கிப் பிடித்தேன், இடுப்பை வளைத்தேன், கண்ணை மூடினேன். சேலை எடுக்க வந்தவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எட்டு வரியும் முடிந்தது. இந்தத் தடவை இரண்டு பேருமே கையை மட்டும்தான் ஆட்டினோம்.