பச்சைத் துணி கட்டிய கேன்

மேல்பக்கம் வெட்டிய நீலக் கேன் ஒன்று எங்கள் வத்தையின் முன்பக்கத்தில் எப்போதும் இருக்கும். அதன் கைப்பிடியில் ஒரு பச்சைத் துணி. கட்டியவர் என் மனைவியின் அண்ணன். நாங்கள் இருவரும் அந்தச் சின்னப் படகில்தான் நண்டுக்குப் போனோம். காலையில் கோட்டைப்பட்டினத்துக்குத் தெற்கே கரையை ஒட்டித் துடுப்புப் போட்டுக்கொண்டே போவோம். அறுந்த வலை, தெர்மாகோல், தண்ணீர் பாட்டில், ஒற்றைச் செருப்பு என எது மிதந்தாலும் மச்சான் குனிந்து எடுத்துக் கேனில் போடுவார். கரையில் நிற்பவர்கள், "முனிசிபாலிட்டி வண்டி வருதுடோய்" என்று கத்துவார்கள். அவர் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. அந்த வேலை எதனால் தொடங்கியது என்று எனக்குத் தெரியும்.

எங்கள் கரையில் வலை மாறிப்போகாமலிருக்க, ஒவ்வொரு வீட்டாரும் மிதவையில் ஒரு துணியை முடிவார்கள். எங்களுடையது என் மனைவியின் பழைய பச்சைச் சேலையில் கிழித்தது. ஒருமுறை மச்சான் காய்ச்சலில் படுத்திருந்தார். நான் தனியாகப் போனேன். வலை அடியில் எதிலோ சிக்கிக்கொண்டது. வாடைக்காற்று வேறு. இறங்கி எடுக்கச் சோம்பல்பட்டு, பாதி வலையை அறுத்துவிட்டு வந்தேன். வீட்டில், விசைப்படகு அறுத்துக்கொண்டு போய்விட்டது என்றேன். எங்கள் பக்கம் யாரும் நம்பிவிடுகிற பொய் அது.

"அவன் விசைப்படகுதான் அன்னைக்கு அங்கிட்டு கெடந்துச்சு" என்று மச்சான் ஒரு பெயரைச் சொன்னார். அவருடைய சிறுவயதுக் கூட்டாளி, விசைப்படகு டிரைவர். நான் வாயைத் திறக்கவில்லை. மச்சான் ஊர்க்கூட்டத்தில் எழுந்து அவரைக் குற்றம் சொன்னபோதும் நான் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

சில மாதம் கழித்து ஒரு கடல்பசுக் குட்டி செத்து ஒதுங்கியது. கூட்டம் கூடுவதற்குள் நாங்கள் போய்விட்டோம். கழுத்தையும் துடுப்பையும் சுற்றி நைலான் வலை தசைக்குள் இறங்கியிருந்தது. வலையின் ஓரத்தில் ஒரு மிதவை, அதில் பச்சைத் துணி. விசைப்படகு இழுத்துப் போயிருந்தால் வலை கந்தலாகியிருக்கும். இது கத்தியால் ஒரே நேராக அறுத்த வலை. மச்சான் அந்த விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். துணியை அவிழ்த்துச் சட்டைப்பையில் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. அன்று சாயங்காலமே டிரைவர் வீட்டுக்குப் போனார். அடுத்த கூட்டத்தில், "நாந்தான் தப்பா பேசிட்டேன்" என்று எல்லார் முன்னாலும் கைகூப்பினார். மறுநாள் காலையில் அந்தக் கேன், கைப்பிடியில் அதே துணியோடு, வத்தையில் இருந்தது. "ஏறுங்க மாப்ள, போவோம்" என்றார். அவ்வளவுதான்.

அதன்பிறகு எத்தனையோ காலை அந்தப் பச்சைத் துணிக்கு எதிரே உட்கார்ந்து துடுப்புப் போட்டேன். இன்று சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். கரை வந்துவிடும். போன வருடம் மச்சான் நெஞ்சுவலியில் போய்விட்டார். நான் சொல்லவேயில்லை. கோழை என்று என்னை நானே திட்டிக்கொள்ளாத நாள் இல்லை.

இப்போது தனியாகத்தான் போகிறேன். நேற்று கேன் நிறைந்து கனத்தது. கரையில் நின்ற அந்த டிரைவர் தண்ணீருக்குள் இறங்கி வந்து ஒரு பக்கம் பிடித்தார். மணலில் இறக்கி வைத்ததும், என்னையறியாமல் வாய் திறந்துவிட்டது.

"அண்ணே, அந்த வலைய அறுத்தது நான்."

அவர் கையிலிருந்த மணலைத் தட்டிவிட்டார்.

"தெரியும்ங்க. வீட்டுக்கு வந்த அன்னைக்கே ஒங்க மச்சான் சொல்லிட்டாரு. 'மாப்ள தானா வந்து சொல்லுவாரு, அதுவரைக்கும் நீ எதுவும் கேட்றாத'ன்னாரு." கேனைப் பார்த்துக்கொண்டே, "எங்கிட்டச் சொன்னத அவருகிட்டச் சொல்லியிருக்கலாம்" என்றார்.

கேனைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு வத்தைக்குக் கொண்டுபோனேன். துணி வெளுத்துப்போயிருந்தது; அது பச்சை என்று எனக்கு மட்டும்தான் தெரியும். முடிச்சு இன்னும் இறுக்கமாக இருந்தது.