கனகம் ‘ஓம்’ என்று சொன்ன கதை

“என்ரை இரண்டு கண்ணாலையும் கண்டனான் அக்கா! கட்டிலிலை மரக்கட்டை மாதிரிக் கிடந்தவள். மருமகன் கொண்டந்து போட்டிட்டானோ எண்டு கேட்டனான். தன்ரை வாயாலை ‘ஓம்’ எண்டவள்!”

குணலட்சுமி இதைக் கொடிகாமம் சந்தையில் சொன்னாள், கோயில் வீதியில் சொன்னாள், போன கிழமை ஒரு செத்தவீட்டுப் பந்தலுக்குள்ளும் சொன்னாள். அங்கே நானும் இருந்தேன். வாயில் கிடந்த வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னேன்.

“எடி, நீ கண்டதும் மெய், கேட்டதும் மெய். கதைக்கிறதுதான் பொய்.”

கனகாம்பிகையை ஒருவரும் எங்கும் கொண்டுபோய்ப் போடவில்லை. அவளைத் தூக்கிப் போடக்கூடிய ஆள் இனித்தான் பிறக்க வேண்டும். நடந்ததை நான் முதலிலிருந்து சொல்கிறேன். கேட்டுவிட்டுப் பிறகு யாரும் என்னோடு வழக்குக்கு வரட்டும்.

கனகம் எனக்கு அடுத்த வளவு. இருக்கத் தெரியாதவள். கதிரையில் இருத்தினால் கால் ஆடும். பந்தியில் இருத்தினால் மற்றவர்களுக்குத் தண்ணீர் வார்க்க எழும்பிவிடுவாள். கலியாணம் கட்டவில்லை. எங்கள் தென்மராட்சிப் பலாப்பழத்தை வளவு வளவாய் வாங்கிச் சந்தையில் விற்றுச் சீவித்தவள். தட்டிப் பார்க்காமல் ஒரு பழம் வாங்கமாட்டாள். வீட்டுக்காரர் சத்தியம் செய்தாலும் தட்டித்தான் பார்ப்பாள்.

அவளுக்கென்று இருந்தது தமையன் இளையதம்பி ஒருவர்தான். இடம்பெயர்ந்த காலத்தில், மலேரியாக் காய்ச்சலில் சுருண்டு கிடந்தவளைச் சைக்கிள் கரியலில் தன் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மிதித்துப் போனவர் அவர். வாய்க்காரர். தேத்தண்ணிக் கடையில் அவர் வழக்காடினால் றோட்டால் போகிற பஸ்ஸே நின்று கேட்கும் என்பார்கள். மனைவி செத்தாள், ஒரே மகன் செந்தூரன், கனகத்துக்கு மருமகன், கனடாவுக்குப் போனான், தங்கையோடு இருந்தார். பிறகு ஒருநாள் பாரிசவாதம் வந்து வலப்பக்கத்தைக் கொண்டுபோனது. போகும்போது வாயையும் கொண்டுபோனது. மிச்சம் விட்டது ஒரே ஒரு சொல்லை. ஓம்.

பசிக்குதோ என்றாலும் ஓம். பசியில்லையோ என்றாலும் ஓம். சிரித்துக்கொண்டும் ஓம், கண்ணீர் வழியவும் ஓம்.

கனகம் அவரைத் தனியாளாய்ப் பராமரித்தாள். கிணற்றடியில் குளிக்க வார்க்கும்போது இரண்டு பேரும் சேர்ந்து விழுந்தார்கள். நான் போய்ப் பார்க்குமட்டும் அந்த ஈரத்திலேயே கிடந்தார்கள். அவளுடைய இடுப்பில் நாரி எலும்பு வெடித்துவிட்டது. இனி ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். குடத்தையே தூக்கக்கூடாதென்றால் ஆளை எப்படித் தூக்குவது?

அப்போதுதான் சாவகச்சேரிப் பக்கத்து இல்லமொன்றில் அவரை விட்டார்கள். அந்த இடத்தை நல்ல இடமென்று சொன்னவள் கனகமேதான். வருசாவருசம் தாயின் திவசத்துக்குச் செந்தூரன் சொல்லி, அங்கேதான் சாப்பாடு கொடுப்பது வழக்கம். சோறு, கறி, வடை, பாயாசத்தோடு இவள் போவாள். மாபிள் பதித்த முன் மண்டபத்தில், தோய்த்து உலர்ந்த உடுப்போடு கிழடுகள் வரிசையாக இருந்து கும்பிடும். படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். எங்கள் சனம் ஒரு முதியோர் இல்லத்தை அறிவது இப்படித்தான், திவசச் சோற்றோடு போய். பலாப்பழத்தைத் தட்டிப் பார்க்கிறவள் தமையனைத் தட்டிப் பார்க்காமல் கொடுத்துவிட்டாள்.

ஒரு கிழமை கழித்து, சொல்லாமல் கொள்ளாமல், என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். வாசலில் பெரிய பலகை. “என்னடி எழுதிக்கிடக்கு?” என்று கேட்டேன்.

“அன்பே எங்கள் கூரை எண்டு எழுதிக்கிடக்கு அக்கா.”

கேற்றில் நின்றவன், “சொல்லிப்போட்டு வந்தா நல்லம் அம்மா” என்றான். இவள் அவனோடு கதைத்துக்கொண்டே உள்ளே நடந்துவிட்டாள். முன் மண்டபத்தில் ஒரு குஞ்சும் இல்லை. ஆட்களெல்லாம் பின் மண்டபத்தில். தமையனின் நீலக்கோடு போட்ட சாரத்தை வேறொரு கிழவர் உடுத்தியிருந்தார். தமையனின் உதடு வெடித்திருந்தது. தண்ணீர்ப் போத்தலும், கூப்பிடுகிற மணியும் இருந்தன, இல்லையென்று சொல்லவில்லை. இரண்டும் அவருடைய வலப்பக்கம் இருந்தன. வழங்காத கைப்பக்கம்.

பெட்சீற்றைத் தூக்கிக் குதிக்காலைப் பார்த்தாள். சிவந்து புண்ணாகத் தொடங்கியிருந்தது.

“அண்ணை, நோகுதோ?”

“ஓம்.”

“நோகேல்லையோ?”

“ஓம்.”

பின் கதவில் ஆமைப்பூட்டு. “திறப்பு ஆரிட்டை?” என்று கேட்டாள்.

“பெரியவரிட்டை அம்மா. அவர் கலியாணவீட்டுக்குப் போட்டார்.”

“நெருப்பொண்டு பிடிச்சா இந்தச் சனம் எதாலை வெளியிலை வாறது?”

“சீ, அப்பிடி ஒண்டும் இஞ்சை நடக்கேல்லை அம்மா.”

எல்லாவற்றையும் மரியாதையாகத்தான் சொன்னார்கள். மணியை இடப்பக்கம் மாற்றச் சொன்னாள், உடனே மாற்றினார்கள். இரண்டு நாள் கழித்துப் போனோம். மணி பழையபடி வலப்பக்கம்.

அன்றே செந்தூரனோடு போனில் சண்டை. பக்கத்தில் நான் இருந்தேன்.

“மாமி, அங்கை கமரா இருக்கு. ஞாயிற்றுக்கிழமையிலை நான் அப்பாவைப் பாக்கிறன். வடிவாய் இருக்கிறார். சுகமோ எண்டு கேட்டா ஓம் எண்டுறார்.”

“கமரா முன் மண்டபத்திலை கொழுவிக்கிடக்கு தம்பி. ஞாயிற்றுக்கிழமை முன்னுக்குக் கொண்டந்து இருத்துவினம், நீ கொப்பரைப் பாக்கிறாய். மற்ற நாளிலை மாபிளைப் பாக்கிறாய்.”

அவன் மெதுவாகச் சொன்னான். “நல்ல இடமெண்டு நீங்கள்தானே மாமி சொன்னனீங்கள். இனி வேறை இடத்துக்கு மாத்தி, அதுவும் உப்பிடி எண்டா? வருத்தக்காற மனிசனைப் பந்து மாதிரி எறிஞ்சு விளையாடுறதே?”

அந்தச் சொல் அவளைச் சுட்டுவிட்டது. பெடியன் சொன்னதிலும் ஞாயம் இருந்தது. இன்னொரு பிழை விட்டால் தாங்க இளையதம்பியின் உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. வாய்விட்டுச் சொல்லவும் அவரால் முடியாது.

அதற்குப் பிறகு கனகம் வீட்டில் தரிக்கவில்லை. விடிந்தால் பஸ். நாரியில் பட்டியைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு இல்லமாய் ஏறி இறங்கினாள். உடுத்து வெளிக்கிட்டு ஊர் சுற்றுகிறாள் என்று அதற்கும் ஒரு கதை கட்டினார்கள். நானும் கூடச் சுற்றினேன், என்னைப் பற்றி ஒருவரும் கட்டவில்லை. வயது போனால் அதற்கும் கொடுப்பினையில்லை. ஓரிடத்தில் பூந்தோட்டம் காட்டினார்கள். ஓரிடத்தில் சுவரளவு ரீவி. இவள் தலகணியை மணந்து பார்ப்பாள், கொமட் கதிரையில் ஏறி இருந்து ஆடிப் பார்ப்பாள், குளிக்கிற அறைக் கதவை உள்ளே பூட்டினால் வெளியிலிருந்து திறக்குமோ என்று என்னை உள்ளே விட்டுப் பார்ப்பாள். எங்கேயும் கதிரை தந்தார்கள், தேத்தண்ணி தந்தார்கள். தேத்தண்ணி தரத் தர இவளுக்குச் சந்தேகம் கூடியது.

அச்சுவேலிப் பக்கத்தில் ஒரு பழைய கல்வீட்டில் நடந்த இல்லத்தில் மட்டும் தேத்தண்ணி தரவில்லை. இல்லத்துக்குப் பொறுப்பான மேற்றன் அற்புதராணி யாருக்கோ மருந்து பருக்கிக்கொண்டிருந்தா. “சுத்திப் பாருங்கோ, நான் வாறன்” என்றா. சீமெந்து நிலம் வெடித்திருந்தது. பின் கதவு திறந்து கிடந்தது. அப்படியும் இவள் முகம் தெளியவில்லை.

“மேற்றன், பாக்க வாறவைக்கு எல்லா இடமும் நல்லாத்தான் தெரியும். நான் கொஞ்ச நாள் இஞ்சை கட்டிலிலை படுத்துப் பாக்கவேணும்.”

“இதென்ன புடவைக்கடையே அம்மா, உடுத்திப் பாக்கிறதுக்கு?”

“புடவை எண்டா பிடிக்காட்டி மாத்தலாம். ஒரு மனிசனை எத்தினை தரம் மாத்துறது?”

மேற்றன் கோபிக்கப் போகிறா என்று நான் எழும்பிவிட்டேன். அவ கோபிக்கவில்லை. இவளை மேலும் கீழும் பார்த்தா.

“வேலை செய்யிற பிள்ளையளுக்கு நான் சொல்லமாட்டன். பாரிசவாதக்காறி எண்டுதான் சொல்லுவன். ஆனா கள்ளம் செய்யப்படாது. எழும்பினா அந்த நிமிசமே வீட்டை போகவேணும். உங்கடை அண்ணை என்ன கதைப்பார்?”

“ஓம் எண்டு மட்டும்.”

“அப்ப உங்களுக்கும் அதுதான்.”

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “நீ ஒருநாள் முழுக்க வாய் திறவாமல் கிடந்தா, நான் நல்லூர் வீதியிலை விழுந்து விழுந்து கும்பிட்டு அடியழிக்கிறன்” என்றேன். அவள் சிரிக்கவில்லை. தான் இல்லாத நாளில் தமையனைப் போய்ப் பார்க்கும்படி மட்டும் கேட்டாள். போனேன். மணியைத் திருப்பித் திருப்பி இடப்பக்கம் வைத்துவிட்டு வந்தேன்.

அச்சுவேலிக் கட்டிலில் அவள் பட்ட பாட்டைப் பிறகு சொன்னாள். பசி பெரிதில்லையாம், நுளம்பு பெரிதில்லையாம். காலை ஆட்டாமல் வைத்திருப்பதுதானாம் பெரிய வேதனை. பெட்சீற்றுக்குள் கால் தன்பாட்டில் நடக்கப் பார்க்குமாம். குழந்தைப்பிள்ளைக்குப் போலப் பம்பஸ் கட்டியபோது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாளாம். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. ஊரைக் கூட்டிக் கதைத்த அண்ணை இப்படித்தானே கிடக்கிறார் என்று நினைத்தபோது முகட்டைப் பார்த்தபடி கண்ணீர் காதுக்குள் ஓடியதாம். ஏனென்று யாரும் கேட்டாலும் சொல்ல வழியில்லை.

இடக்கையால் தண்ணீர்ப் பேணியைத் தட்டிவிட்டாள். அங்கே வேலை செய்யும் வினோஜா என்றொரு பிள்ளை ஓடிவந்தாள். “என்ன ஆச்சி, இப்பதானே துடைச்சனான்!” முகம் பாவற்காய். துடைத்துவிட்டு, புதுத் தண்ணீர் வைத்து, ஒரு மிடறு பருக்கியும் விட்டாள். கனகம் திரும்பவும் தட்டினாள். திரும்பவும் ஏச்சு, திரும்பவும் தண்ணீர். சாமத்தில் மணியடித்தாள். நித்திரைக் கண்ணோடு, ஏசிக்கொண்டு, அந்தப் பிள்ளை வந்தாள். முகம் கோணினாலும் கால் வந்தது.

ஆனாலும் கனகத்துக்கு முடிவு வரவில்லை. ஏசுகிறவள் ஒருநாள் அடிக்கமாட்டாள் என்று என்ன உறுதி?

அப்படி இருக்கும்போதுதான் குணலட்சுமி மாமியாரின் திவசச் சோற்றோடு வான் பிடித்து அங்கே போய் இறங்கினாள். சுவிசிலிருந்து மகன் போனில் பார்க்கிறான். “அம்மா, இன்னொருக்கா சோறு போடுற மாதிரி நில்லுங்கோ” என்கிறான். போனைப் பிடிக்க வினோஜாவைக் கூப்பிட்டுவிட்டார்கள். முன்னுக்குப் படம் நடக்க, பின்னுக்குக் கிடந்தவர்களின் சோறு ஆறிக்கொண்டிருந்தது. அன்று காலைக்குப் பிறகு கனகத்தைப் பிரட்டிப் படுக்கவைக்கவும் ஒருவரும் வரவில்லை. வெடித்த நாரியில் நெருப்பு வைத்த மாதிரி இருந்ததாம்.

கடைசியில் குணலட்சுமி வடையோடு பின் மண்டபத்துக்கு வந்தாள். வினோஜாவும் கூட வந்தாள்.

“ஐயோ, இது எங்கடை கனகமெல்லே! என்னடி நடந்தது? வாதமே?”

“ஓம்.”

“அந்தச் செந்தூரனே கொண்டந்து போட்டவன்?”

இல்லை என்று ஒரு சொல் போதும். ஆனால் சொன்னால் சோதனை முடிந்தது, வீட்டுக்குப் போகவேண்டியதுதான். தமையனுக்கு இந்தக் கட்டில் சரியோ பிழையோ என்று பிறகு எப்படித் தெரியும்? கனகம் பல்லைக் கடித்தாள்.

“ஓம்.”

“காணியையும் எழுதி வாங்கிப்போட்டானோ?”

“ஓம்.”

குணலட்சுமி அழுதாள். பொய் அழுகை இல்லை; அவள் கெட்டவளும் இல்லை. அழுதுகொண்டே ஒரு முழு வடையைக் கனகத்தின் வாய்க்குள் திணித்துவிட்டு வானுக்குள் ஏறினாள். அந்த வான் ஒழுங்கையில் என்மேல் புழுதியை அடித்துக்கொண்டு போனது. நான் அன்று கனகத்தைப் பார்க்க வந்துகொண்டிருந்தேன். இன்னும் கொஞ்ச நேரம் குணலட்சுமி நின்றிருந்தால் எனக்கு இவ்வளவு கதைக்கிற வேலை மிச்சம்.

நான் வாசலில் கால் வைக்க, உள்ளே வினோஜாவின் சத்தம் கேட்டது. கையில் ஆறிப்போன சோற்றுக் கோப்பை.

“மேற்றன், இனித் திவசக்காறர் வாற நாளிலை என்னைப் படம் பிடிக்கக் கூப்பிடாதேங்கோ! இந்த ஆச்சியைக் காலமை பிரட்டினது. பாருங்கோ, இடுப்பெல்லாம் சிவந்துபோச்சு. வாய் திறந்து சொல்லத் தெரிஞ்ச மனிசியே? எதைக் கேட்டாலும் ஓம் எண்டுது!”

“கத்தாதை பிள்ளை, வெளியாக்கள் நிக்கினம்.”

“நிக்கட்டும்!”

மேற்றன் குனிந்து அந்தச் சிவப்பைப் பார்த்தா. “பிழை என்னிலைதான்” என்றா. “இனி முதல் சோறு பின்னுக்கு. பேந்துதான் முன்னுக்குப் படம்.”

அந்தச் சாவகச்சேரி இல்லத்தில் ஒருவரும் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அங்கே எல்லாம் மரியாதை, எல்லாம் அமைதி. மணி மட்டும் வலப்பக்கம்.

“எனக்கு இவ்வளவும் காணும்” என்று ஒரு குரல். கனகம் எழும்பி இருந்தாள்.

வினோஜாவின் கையிலிருந்த கோப்பை விழுந்தது. அடுத்த கட்டில் கிழவர் “முருகா!” என்று இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார். கனகம் காலை நிலத்தில் வைத்து, நாரியைப் பிடித்து, நிமிர்ந்து நின்றாள்.

“நடிச்சனீங்களோ!” வினோஜாவுக்கு மூச்சு வாங்கியது. “எத்தினை தரம் பேணியைத் தட்டிவிட்டனீங்கள்!”

“நீ எத்தினை தரம் ஏசினனீ! என்ரை அண்ணையை ஏசு. ஆனா இண்டைக்கு மாதிரி அவருக்காகவும் கத்தவேணும்.” பிறகு மேற்றனிடம் திரும்பினாள். “குளிக்கிற அறைப் படியைச் சரிவாக்கிப் போடுங்கோ, வீல்செயார் ஏறாது. மணி இடப்பக்கம். கட்டிலை ஆருக்கும் குடுத்துப்போடாதேங்கோ, பின்னேரம் ஆளோடை வாறன்.”

“செந்தூரனிட்டைக் கேட்டனியோ?” என்றேன் நான்.

“அவன் அங்கை நித்திரை அக்கா. எழும்பட்டும், சொல்லுவம்.”

பையைத் தோளில் கொழுவினாள். செருப்பைத் தேடிப் போடவும் பொறுமையில்லை, கையில் எடுத்துக்கொண்டாள். முன் வாசற்படியில் இறங்கி, வெயிலில், வெறுங்காலோடு கேற்றை நோக்கி நடந்தாள். பின்னால் ஓடிய எனக்கு மூச்சு இரைத்தது. கேற்றைத் தாண்டும்போதே றோட்டில் வந்த பஸ்ஸை மறிக்க, செருப்போடு கையைத் தூக்கிவிட்டாள்.