இடப்பக்கத்து கிட்டார்

புரட்டாசியில் ஒருநாள் காலை, போன் கெட்டுப்போய்விட்டது என்றுதான் பூவிழி முதலில் நினைத்தாள். வயலுக்குப் போயிருந்த கணவர் சாமிதுரை கூப்பிட்டிருந்தார். திரையில் பெயர் இருக்கிறது, நொடிகள் ஓடுகின்றன, பேச்சு மட்டும் வரவில்லை. "ஹலோ, ஹலோ" என்று கத்திப் பார்த்துவிட்டு வலது காதுக்கு மாற்றினாள்.

"எவ்வளவு நேரமா கத்துறேன். மோட்டார் ஓடல. வீட்டுல கரண்டு இருக்கா, இல்லையா?" என்று சாமிதுரை கணீரென்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுபடியும் இடது காதில் வைத்தாள். ஒன்றுமில்லை.

ஸ்பீக்கர் பாக்ஸ் பேசவில்லையென்றால் முதலில் வயரை மாற்றிப் பார்க்க வேண்டும், வயர் சரியென்றால் கோளாறு பாக்ஸில்தான். இருபது வருஷமாக அவள் செய்துவரும் வேலை அது. இடது காதருகே விரல்களை உரசினாள். கையைத் தட்டினாள். சமையலறைக்குப் போய் அந்தப் பக்கமாகவே மிக்ஸியை ஓடவிட்டாள். பிறகு மிக்ஸியை நிறுத்திவிட்டு, போனை வலது காதில் வைத்து, "கரண்டு இருக்கு. எனக்கு இடது காது கேக்கல. நீங்க கெளம்பி வாங்க, தஞ்சாவூர் போகணும்" என்றாள்.

குடவாசலைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு ஊர்களில் 'பூவிழி சவுண்ட் சர்வீஸ்' என்றால் தெரியும். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்து, கட்டுத் தூக்கி அவளைப் படிக்கவைத்தார்கள். தஞ்சாவூரில் பாலிடெக்னிக் முடித்தாள். கொஞ்ச நாள் டிவி பழுதுபார்க்கும் கடையில் இருந்தாள். மைக் செட் தொழிலை விட்டுவிட்டு மகனோடு திருப்பூர் போய்விட்ட ஒருவரிடமிருந்து பழைய ஆம்ப்ளிஃபயரும் நான்கு பாக்ஸும் வாங்கித் தொடங்கியதுதான் தொழில். ஆரம்பத்தில் பொம்பளை கட்டுற செட்டு என்று சிரித்தவர்கள் உண்டு. அவள் தெருப் பெயரைக் கேட்டதும் தேதி ஒத்துவரவில்லை என்று நழுவியவர்களும் உண்டு. சத்தம் சுத்தமாக இருந்தது. அதனால் சிரித்தவர்களும் வந்தார்கள், நழுவியவர்களும் வந்தார்கள்.

மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்த டாக்டரம்மா, அன்றைக்கே வந்தது நல்லதாகப் போயிற்று என்றார். திடீரென்று இப்படிக் காது நரம்பு அடங்கிப்போவது உண்டாம். மாத்திரை கொடுத்தார், காதுக்குள் ஊசி போட்டார், சில வாரம் கழித்து மறுபடி சோதித்தார். இடது காதில் பழைய ஃபிரிட்ஜ் ஓடுவது போன்ற ஓர் இரைச்சல் மட்டும் வந்து சேர்ந்திருந்தது.

"இதுக்கு மேல வரும்னு சொல்ல முடியாதும்மா. வலது காது அருமையா இருக்கு. என்ன வேலை பாக்குறீங்க?"

"மைக் செட்டு."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

செய்தி அவளுக்கு முன்னால் ஊர் வந்து சேர்ந்துவிட்டது. ஐப்பசி மழைக்கு நடுவே ஒருநாள் துரைராசு வந்தார். கோயில் திருவிழாக் கமிட்டியில் எல்லாம் அவர்தான். மாசித் திருவிழாவுக்குத் தஞ்சாவூரிலிருந்து பாட்டுக் கச்சேரி பேசியிருந்தார்கள். டீ ஆறும்வரை வேறென்னவோ பேசிக்கொண்டிருந்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"தப்பா நெனச்சுக்காத தங்கச்சி. இந்தத் தடவை பெரிய பார்ட்டி. திருவாரூர் செட்டைச் சொல்லிடலாமான்னு பசங்க கேக்குறானுங்க."

"நீங்க என்ன கேக்குறீங்கண்ணே?"

அவர் டீயைப் பார்த்தார்.

"கார்த்திகை தீபம் வரைக்கும் பொறுங்க" என்றாள் பூவிழி. "முடியாதுன்னா நானே வந்து முடியாதுன்னு சொல்லிடுவேன். அரைகுறையா ஒரு வேலையை நான் எடுத்ததில்லைன்னு உங்களுக்கே தெரியும்."

அவர் போனதும் முத்துப்பேட்டையில் இருக்கும் ஷமீராவைக் கூப்பிட்டாள். பாலிடெக்னிக் விடுதியில் இருவருக்கும் ஒரே அறை. இப்போது ஷமீரா கடைத்தெருவில் பெண்களுக்கான துணிக்கடை வைத்திருக்கிறாள். அந்தக் காலத்தில் அவளுடைய வாப்பா துபாயில் ஒரு கேசட் கடையில் வேலை பார்த்தார். விற்காமல் தேங்கியதையெல்லாம் மகளுக்கு அனுப்புவார். அப்படி வந்ததுதான் டின் ஹார்பர். இங்கிலாந்தில் ஏதோ துறைமுக ஊரைச் சேர்ந்த நான்கு பேரின் ராக் இசைக்குழு. இங்கிலீஷ் பாதி புரியாது. ஆனால் கிட்டார் எங்கே நுழைகிறது, டிரம்மில் எந்த அடி கொஞ்சம் பிந்தி விழுகிறது என்று இரண்டு பேருக்கும் அத்துப்படி. தலைப்பெல்லாம் அவர்கள் வாயில் நுழையவில்லை. அட்டைப் படத்தை வைத்து முதல் ஆல்பம் 'கப்பல்', மூன்றாவது 'சிவப்பு நாற்காலி', ஆறாவது 'மொட்டைமாடி' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். ஆறோடு கேசட்டும் நின்றது, படிப்பும் முடிந்தது.

"எனக்கு என்ன போயிருக்கு, என்ன மிச்சம் இருக்குன்னு தெரியணும்டி" என்றாள் பூவிழி. "தெரியாத பாட்டைக் கேட்டா எது விட்டுப்போச்சுன்னு எப்படித் தெரியும்? இவனுங்க பாட்டுன்னா ஒரு சத்தம் குறைஞ்சாலும் கண்டுபிடிச்சிடுவேன்."

"அப்ப முதல்லேருந்து கடைசி வரைக்கும் வரிசையா கேப்போம். மொத்தம் பதினொண்ணு இருக்கு. ஒண்ணையும் தாண்டக் கூடாது. மொட்டைமாடியையும் சேர்த்துத்தான்."

"அந்தக் கண்றாவியையுமா?"

"வரிசைன்னா வரிசைதான். நானும் கடையில உக்காந்து கேக்குறேன். கேட்டுட்டுப் பேசுவோம்."

வீட்டுக்குப் பின்னால் பாக்ஸ்கள் அடுக்கிய தகரக் கொட்டகை. மழைக்காலத்தில் விசேஷம் கிடையாது. சம்பா நட்டு முடித்த வயல்களில் தண்ணீர் நின்றது, சாமிதுரை வடிகாலே கதியென்று கிடந்தார். பூவிழி மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு போனில் 'கப்பல்' போட்டாள்.

ஒன்றும் குறையவில்லை. இளவட்டங்கள் கையில் காசில்லாமல் ஒரே அறையில் நின்று வாசித்ததை அப்படியே பிடித்த பதிவு. எல்லாச் சத்தமும் நடுவில்தான் நின்றது. அவள் எழுந்து நின்று சிரித்தாள். மழைக்குத் துணி எடுக்க வந்த சாமிதுரை, "என்ன, கேக்குதா?" என்றார். "எல்லாம் கேக்குது!" என்றாள், தேவைக்கு அதிகச் சத்தமாக.

இரண்டாவதும் அப்படியே போனது. மூன்றாவதில் அடி விழுந்தது. 'சிவப்பு நாற்காலி'யின் முதல் பாட்டே, ஒரே கிட்டார்காரர் தனித்தனியாக வாசித்துச் சேர்த்த இரண்டு கிட்டார்கள் பேசிக்கொள்வதுதான். ஒன்று இடப்பக்கம் கேட்கும், மற்றது வலப்பக்கம் பதில் சொல்லும். இப்போது பதில் மட்டும் வந்தது. கேள்வியே இல்லை. ஆளில்லாத வீட்டு வாசலில் நின்று ஒருவன் பேசிக்கொண்டிருப்பது போல் இருந்தது. ஹெட்போனைத் திருப்பி மாட்டினாள். இப்போது கேள்வி வந்தது, பதிலைக் காணவில்லை. அன்று ஷமீரா கூப்பிட்டபோது அவள் போனை எடுக்கவில்லை. அரிசி களைந்துகொண்டே கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு சோறு பொங்கி இறக்கினாள்.

மறுநாள், கச்சேரியில் சத்தங்களைக் கலக்கும் மிக்ஸர் ஒன்றைத் தூக்கி மேஜையில் வைத்தாள். பாட்டின் இரண்டு பக்கத்தையும் அதில் நுழைத்து, குமிழ்களை நடுவுக்குத் திருப்பி, மொத்தத்தையும் ஒரே சத்தமாக்கி வலது காதுக்கு அனுப்பினாள். சந்தைக்கடை மாதிரி இருந்தது. எல்லாரும் ஒரே வாசலில் நுழையப் பார்த்தார்கள். அவள் விடவில்லை. ஒரு கிட்டார் கொஞ்சம் கரகரப்பு, மற்றதில் மணி போல ஒரு மினுக்கம். திசையை விட்டுவிட்டு அந்தக் கரகரப்பை மட்டும் பிடித்துக்கொண்டு போனாள். நாலைந்து முறை கேட்டபின் கேள்வி தனியாகவும் பதில் தனியாகவும் பிரிந்து வந்தன.

"ஷமீ, பக்கத்தை வச்சுப் பிரிக்க வேணாம்டி. குணத்தை வச்சுப் பிரிக்கலாம்" என்று போனில் கத்தினாள்.

"மாமியார் வீட்டுல நாங்கல்லாம் அதைத்தான்டி செய்யுறோம்" என்றாள் ஷமீரா.

நாலு, ஐந்து என்று ஏறினார்கள். 'மொட்டைமாடி' வந்தது. கிட்டார்காரர் சண்டை போட்டுக்கொண்டு போனபிறகு மூன்று பேராகச் செய்த ஆல்பம். கிட்டார் இல்லாத டின் ஹார்பரா என்று விடுதியில் அவள் அதைக் கட்டிலுக்கு அடியில் எறிந்ததுண்டு. ஒற்றைக் காதில் இப்போது கேட்டால், காலியான இடத்தைத் தாங்கி நிற்பது அடியில் கனமாக ஒலிக்கும் பேஸ் கிட்டார் என்று தெரிந்தது. அந்த மனிதர் அலட்டிக்கொள்ளவே இல்லை. ஆள் போய்விட்டார், பாட்டு நடக்கணும், அவ்வளவுதான் என்பது போல வாசித்திருந்தார். பூவிழி அதை இரண்டாம் தடவையும் போட்டாள்.

அந்த வாரமே முதல் வேலையும் வந்தது. குடவாசல் கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருக்கும் அஹமது கபீர், மகள் நிக்காஹ்வுக்கு எப்போதும்போல அவளையே அழைத்தார். பேச்சுக்கு மட்டும்தான் மைக். மேடையில் நான்கு வைத்தாள். பள்ளிவாசல் ஹஜரத் துஆ ஓத ஆரம்பிக்கும் நேரத்தில் ஒரு மைக் கீச்சென்று கத்தியது. எந்தப் பக்கம் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. வலது ஓரத்து மைக்கைக் குறைத்தாள். கத்தியது இடது ஓரம். மண்டபமே திரும்பி அவளைப் பார்த்தது. சட்டென்று எல்லாவற்றையும் இறக்கி, ஒன்றை மட்டும் ஏற்றிச் சமாளித்துவிட்டாள்.

அவள் கிளம்பும்போது அஹமது கபீர், "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, சாப்ட்டியா?" என்று மட்டும் கேட்டார். அந்தப் பரிவுதான் அவளைக் குத்தியது.

வீட்டுக்கு வந்ததும் இருந்த மைக்குகளை எல்லாம் கொட்டகையில் நட்டாள். ஒவ்வொன்றாக வேண்டுமென்றே கத்தவிட்டாள். பக்கத்து வீட்டுக் கோழிகள் ஓடின. பாடகர் மைக் ஊசி மாதிரிக் கத்தும், தபேலாவுக்கு வைக்கும் மைக் மாடு மாதிரி முனகும். கிட்டாரைப் பிரித்தது போலவே இவற்றையும் பிரித்துப் பழகினாள். கண்ணை மூடிக்கொண்டு, "இப்ப ஒண்ணைக் கத்தவிடுங்க" என்பாள். சாமிதுரை ஏதாவது ஒன்றை ஏற்றுவார். அவள் பெயர் சொல்வாள். முதல் நாள் பாதிக்குப் பாதி தப்பு. கார்த்திகை நெருங்கும்போது சாமிதுரைக்குத்தான் அலுத்துப்போயிற்று.

ஏழாவதிலிருந்து இருவருக்குமே புதுசு. அந்த ஆல்பங்கள் வந்த வருஷங்களில் ஒருத்தி பிள்ளைப்பேற்றுக்காக அம்மா வீட்டில் இருந்தாள், ஒருத்தி பழைய ஆம்பைப் பிரித்து மேய்ந்துகொண்டிருந்தாள். எட்டாவது படு மோசம் என்பதில் இருவரும் ஒற்றுமை. ஒன்பதாவதில், விட்டுப்போன கிட்டார்காரர் திரும்பி வந்திருந்தார். ஷமீரா கடையில் வாடிக்கையாளர் முன்னாலேயே கூவிவிட்டாளாம். பதினொன்றாவது போன வருஷம்தான் வந்தது. பாடகருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். அந்தப் பழைய உச்சி இல்லை. பூவிழி கீபோர்டை எடுத்து வைத்துத் தட்டிப் பார்த்தாள். பாட்டு எல்லாமே பழையதைவிடக் கீழ்ச் சுருதியில் நின்றது.

"கிழவனுக்குக் குரல் போச்சுடி" என்றாள் ஷமீரா வருத்தமாக.

"போகல, இறங்கிருக்கு. அதுக்கேத்த மாதிரி பாட்டையும் இறக்கிக்கிட்டாங்க. முந்தி கத்துனாரு, இப்ப பேசுறாரு. எனக்கு இதுல ஒவ்வொரு வார்த்தையும் வெளங்குது."

தீபத்துக்கு முன்னாலேயே பூவிழி துரைராசு வீட்டுக்குப் போனாள். "மாசித் திருவிழா நான்தான்ணே பண்றேன். பசங்ககிட்ட சொல்லிடுங்க." அவள் நின்ற விதத்தைப் பார்த்ததும் அவர் போனை எடுத்துப் பசங்களைக் கூப்பிட்டார்.

திருவிழா அன்று சாயங்காலம் அறுத்துவிட்ட வயலில் மேடை. ஷமீரா முத்துப்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து மிக்ஸருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். குழுவின் முக்கியப் பாடகி இசைவாணி மைக்கைச் சோதிக்க வந்தார். தொடர்ந்து ஊர் ஊராகக் கச்சேரி. தொண்டை கட்டியிருந்தது. முதல் பாட்டின் உச்சியில் குரல் இரண்டு முறை உடைந்தது. கீபோர்டுக்காரர் தரையைப் பார்த்தார். துரைராசு ஓடி வந்தார்.

பூவிழி மேடையேறினாள். "மேடம், சுருதியை ஒரு கட்டை இறக்கிக்கிட்டுப் பாடுங்க. தேவைப்பட்டா ஒன்றரை."

"வேணாங்க. இறக்கினா இந்தப் பாட்டு எடுபடாது. கூட்டம் எந்திரிச்சுப் போயிடும்."

"எடுபட வைக்கிறது என் வேலை. நீங்க எங்களோட பேசுற மாதிரி பாடுங்க. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

இசைவாணி அவளை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கீபோர்டுக்காரரிடம் திரும்பி விரலால் கீழே காட்டினார்.

இறங்கிய குரலுக்கு இடம் வேண்டும். பூவிழி கீபோர்டைக் கொஞ்சம் ஒதுக்கினாள், தபேலாவின் முழக்கத்தை மெலிதாக்கினாள், பாடகியின் மைக்கில் நெஞ்சிலிருந்து வரும் கனத்த சத்தத்தைக் கூட்டினாள். கச்சேரி தொடங்கியதும் சாமிதுரையை மிக்ஸரிடம் நிறுத்திவிட்டு, கூட்டத்துக்குள் நடந்தாள். பின்வரிசை, மரத்தடி, பலூன்காரன் பக்கம் என்று நின்று நின்று வலது காதைக் கொடுத்தாள். வந்து ஒரு குமிழைத் திருப்புவாள், மறுபடி நடப்பாள். நடுவில் ஒரு மைக் முனக ஆரம்பித்தது. மேடையை ஏறிட்டுப் பார்க்காமலே, "தபேலா" என்றாள். சாமிதுரை அதை இறக்கிய வேகத்தில் யாரும் கவனிக்கவில்லை.

மூன்றாவது பாட்டில் இசைவாணி மேடை விளிம்புக்கே வந்து, முன்வரிசைப் பெண்களிடம் ரகசியம் சொல்வதுபோல் பாடினார். எழுந்துபோகத் துணி உதறியவர்களும் உட்கார்ந்தார்கள். மிக்ஸருக்குத் திரும்பிய பூவிழியின் வலது தோளைத் தட்டி ஷமீரா, "ஒருத்தரும் அசையலடி" என்றாள்.

"அசைஞ்சா எனக்குக் கேட்டிருக்கும்" என்றாள் பூவிழி.

விளக்குகளை அவிழ்க்கும்போது இசைவாணி அவள் நம்பரை வாங்கிக்கொண்டார். பங்குனியில் நீடாமங்கலத்தில் தங்களுக்கு ஒரு கச்சேரி இருக்கிறதென்றும், அங்கே பேசியிருக்கும் செட்டு சரியில்லை என்றும் சொன்னார். துரைராசு பக்கத்தில் நின்றுகொண்டு, "எங்க ஊர் பொண்ணு" என்று நாலு பேருக்குக் கேட்கும்படி சொன்னார். பூவிழி வயர் சுருட்டுவதை நிறுத்தவில்லை.

இடது காது திரும்பவில்லை. அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மா, இருக்கிற காதையாவது பத்திரமாக வைத்துக்கொள்ளும்படி கண்டிப்பாகச் சொன்னார். அதனால் பெரிய பாக்ஸ் முன்னால் நிற்கும்போதெல்லாம் வலது காதில் அடைப்பான் செருகிக்கொள்கிறாள். அந்த நேரத்தில் யாராவது வந்து, சத்தத்தைக் கொஞ்சம் ஏத்துங்கக்கா என்று கெஞ்சினால், ஒன்றும் கேட்கவில்லை என்று சைகை காட்டிவிட்டு, தனக்குச் சரியென்று பட்ட அளவிலேயே விட்டுவிடுகிறாள்.