போயிட்டு வாங்க

இரண்டு ஊரிலும் விருந்தாளியாகவே இருந்து முடித்தவர் எங்கள் அண்ணன். காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தார். அப்பா இல்லாத வீட்டில் என்னைப் படிக்கவைத்து, கடல் தாண்டி இங்கே பாயான் பாருவில் கட்டிக்கொடுத்தவரும் அவரே. பிறகு அவரும் வேலைப் பெர்மிட்டில் புக்கிட் தெங்கா நாற்காலித் தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்தார்.

பெர்மிட் முடிந்தால் ஊருக்கு அனுப்புவார்கள். ஆள் தேவைப்பட்டால் திரும்ப அழைப்பார்கள். மனைவி மக்களைக் கூட்டிவர அனுமதி கிடையாது. இப்படிப் போய்வருவது தொழிலாளிக்கும் நல்லது, இரண்டு நாட்டுக்கும் நல்லது என்று ஒரு கூட்டத்தில் அதிகாரி ஒருவர் பேசியதை நானும் கேட்டேன். நல்லதாம்! பெற்ற மகளின் சடங்கை அண்ணன் கைத்தொலைபேசியில்தான் பார்த்தார்.

கடைசிப் பெர்மிட் முடிந்தபோது சூப்பர்வைசர், "கவலப்படாதீங்க அண்ணே, போயிட்டு வாங்க லா. நாங்க கூப்பிடுறோம்" என்றார். வாசலில் யாரும் யாருக்கும் சொல்கிற வார்த்தைதான். அண்ணன் அதை வாக்காக எடுத்துக்கொண்டார். புதிதாக விண்ணப்பிக்கும் வயதை அவர் தாண்டிவிட்டார் என்பதை ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை.

ஊருக்குப் போனவர் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. தேடிவந்த உள்ளூர் வேலையையும், "கூப்பிட்டா உடனே கெளம்பணும்ல" என்று விட்டுவிட்டார். நான் விசாரித்து, இனி அழைக்க மாட்டார்கள் என்று போனில் சொன்னேன். "அட போம்மா, போயிட்டு வாங்கன்னுதானே சொன்னாரு!" என்று சிரித்தார். அந்தச் சூப்பர்வைசரைத் திட்டுவதா, விதி போட்டவர்களைத் திட்டுவதா, தெரியவில்லை.

அப்படிக் காத்திருந்தபடியே மாரடைப்பில் போய்விட்டார். நான் விமானம் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். தூக்கும்போது அண்ணன் மகள் வாசலுக்கு ஓடிவந்து, "போயிட்டு வாங்கப்பா" என்றாள். சாவு வீட்டில் சொல்லக் கூடாத சொல். பெரியவர்கள் பதறி அவள் வாயைப் பொத்தினார்கள். "அப்பா கெளம்புறப்ப எனக்கு வேற என்ன சொல்லத் தெரியும் அத்த?" என்று என்மேல் விழுந்து கதறினாள்.

தொழிற்சாலை விடுதியில் அண்ணன் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்த நண்பர்களுக்கும், முதலாண்டு பூசைக்காக ஜார்ஜ்டவுன் கோயிலில் கூடியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உங்களில் பலருக்கும் பெர்மிட் முடியப்போகிறது. யாராவது "போயிட்டு வாங்க" என்றால், எப்போது வர வேண்டும் என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

தங்கை, பாயான் பாரு